புதன்கிழமை பதினோரு மணிக் கூட்டம்

மாதனூரில் இறங்க வேண்டியவள் ஆம்பூரில் போய் இறங்கினேன். நடத்துநர் மேல் குற்றமில்லை. வேலூரில் ஏறும்போதே "மாதனூர் நிக்காதும்மா, இது பாலத்து மேல போற வண்டி" என்று அவர் சொல்லியிருக்கிறார். என் காதில் 'நிக்கும்மா' என்று மட்டும் விழுந்தது. எங்கள் ஈப்போவில் தமிழ் நிதானமாக நடக்கும். இங்கே ஓடுகிறது. பின்னால் ஓடிப் பிடிப்பதற்குள் பாலம் ஏறி, பாலம் இறங்கி, ஷூ கம்பெனிச் சுவர்களையும் தோல் வாடையையும் தாண்டி, பெட்டியோடு ஆம்பூர் பேருந்து நிலையத்தில் நின்றேன்.

தொலைபேசியில் எஸ்தர் சிரித்தாள். "இன்னாக்கா, மலேசியாவுல இருந்து கரெக்டா வந்துட்டு மாதனூர தாண்டி போய்ட்டீங்களா? அங்கயே நில்லுங்க, நான் வர்றேன்."

அரை மணி நேரத்தில் ஸ்கூட்டியில் வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள். இப்போது மாதனூரில் ஓர் அறக்கட்டளையில் களப்பணி. கம்பெனிக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, மருத்துவ முகாம் என்று அந்த அறக்கட்டளை நடத்துகிறது. எஸ்தர் அதன் நிர்வாகக் குழுவிலும் இருக்கிறாள். நான் கடல் தாண்டி வந்தது அந்தக் குழுவைப் பார்க்கத்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஈப்போவில் உடற்பேறு குறைந்தோர் (இங்கே மாற்றுத்திறனாளிகள் என்கிறார்கள்) நலச்சங்கம் ஒன்றின் செயலாளர், பதினோரு வருடமாக. எங்களுக்கும் மாதனூர்க்காரர்களுக்கும் நிதி தருகிற நிறுவனம் ஒன்றுதான். இந்த வருடம் அவர்கள் ஒரு கடிதம் போட்டார்கள். உங்கள் நிர்வாகக் குழுவில் பன்மைத்தன்மை எங்கே, எல்லாரையும் உள்ளடக்குவது எங்கே என்று கேள்வி. எங்கள் தலைவரை அவர் வாங்கிய பட்டத்தாலேயே டத்தோ என்போம்; அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆம்பூர் பக்கத்துல ஒரு குழு இதுல நல்லா செய்றாங்களாம். நீங்க போய்ப் பார்த்து ஒரு அறிக்கை எழுதிக்கிட்டு வாங்க. அதையே நாமும் போட்டுக்கலாம்" என்றார். ஐந்து நாள், ஓர் அறிக்கை. விமானத்திலேயே முதல் பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். அவ்வளவு எளிதான வேலை என்று நினைத்தேன்.

முதல் சிரமம் காலைச் சாப்பாட்டில் வந்தது. எஸ்தர் வீட்டில்தான் தங்கல். ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் அவள் கணவரிடம் மரியாதைக்கு, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் கேட்பதுதான். அவர் திடுக்கிட்டு உள்ளே பார்த்து, "எஸ்தரு, அக்காவுக்கு ரொம்பப் பசியாம், சீக்கிரம் குடு" என்று குரல் கொடுத்தார். ஆறு இட்லி வந்தது. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

சர்ச்சுக்குப் போய் வந்தபின் மதியம் களியும் ஆட்டுக்கறிக் குழம்பும். கேழ்வரகுக் களியை மென்று சாப்பிட முயன்றேன். பக்கத்து வீட்டு அம்மா சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் தாங்க முடியாமல், "மெல்லாதம்மா! குழம்புல தொட்டு அப்டியே முழுங்கு" என்றார். விழுங்கினேன். நேராக வயிற்றில் போய் உட்கார்ந்தது. சாயங்காலம் வரை எழுந்திருக்க மனம் வரவில்லை.

எழுந்திருக்காமலே குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். "எஸ்தர், பன்மைத்தன்மைன்னு எடுத்துக்கிட்டா..."

"அது இன்னாக்கா?"

"டைவர்சிட்டி."

"ஓ, அதுவா. லெட்டர்ல வரும். நாங்க எல்லாரையும் சேத்துக்கிறதுன்னு சொல்லுவோம்." பாத்திரம் துலக்கிக்கொண்டே பேசினாள். "ஆனா நீங்க நெனக்கிற மாதிரி இன்னும் சேத்துக்கல. புதன்கிழம கூட்டத்துல இருக்குது கச்சேரி."

விஷயம் இதுதான். ஏழு பேர் கொண்ட குழுவில் ஓர் இடம் காலி. எஸ்தரும் அவளுடைய தோழி தில்ஷாத்தும் ஒரு பெயர் கொடுத்திருக்கிறார்கள்: விமலா, ஷூ கம்பெனித் தொழிலாளி, காது கேளாதவள். தலைவர் ரங்கநாதன் சாருக்கு அதில் சம்மதமில்லை. நான் முடிந்துபோன வெற்றிக் கதையை எழுத வந்திருந்தேன். கதை இன்னும் நடந்துகொண்டிருந்தது. விமானத்தில் எழுதிய முதல் பக்கத்தை அன்றைக்கே கிழித்திருக்கலாம். மனம் வரவில்லை, மடித்து வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஆம்பூருக்குப் போய் தில்ஷாத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. எஸ்தருக்கு வேறு வேலை. "ஸ்டாப்புல நில்லுங்க, வண்டி வரும்" என்று அனுப்பினாள். ஏழு மணிக்கு முன்பே போய் நின்றேன். முப்பது நாற்பது பெண்கள், கையில் சாப்பாட்டுப் பை, தலையில் ஈரம் காயாத கூந்தல், அதில் கனகாம்பரம். ஒரு பேருந்து வந்தது. எல்லாரும் ஏறினார்கள். நானும் ஏறினேன்.

நல்ல வண்டி. கூட்டம் இருந்தும் எனக்கு இடம் கிடைத்தது. ஏறிய இரண்டாவது நிமிடம் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நடத்துநரைக் காணவில்லை. பக்கத்திலிருந்த பெண்ணிடம் காசை நீட்டி, "ஆம்பூர் ஒண்ணு, வாங்கித் தர்றீங்களா?" என்றேன். அவள் என் உதட்டையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். என் கையை மடக்கிக் காசை என்னிடமே தள்ளினாள். தன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினாள். என் கழுத்தைச் சுட்டி, வெறும் கையை விரித்தாள். சன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, இரண்டு முஷ்டிகளையும் சேர்த்து மேசை மேல் எதையோ தள்ளித் தைப்பதுபோல் செய்தாள்.

எனக்குப் புரிய ஒரு கிலோமீட்டர் ஆனது. இது கம்பெனி வண்டி. நான் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

கம்பெனி வாசலில் காவலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஐ.டி. எங்கம்மா? எந்த செக்‌ஷன்?" எந்தப் பிரிவும் இல்லை, ஈப்போ என்றேன். "அது எந்த கம்பெனி?" என்று கேட்டார். அந்தப் பெண் இடையில் புகுந்தாள். என்னைச் சுட்டினாள், பேருந்தைச் சுட்டினாள், கண்ணை மூடிக்கொண்டு தலை சாய்த்து நடக்கிற ஒருத்தியை அப்படியே நடித்துக் காட்டினாள். காவலாளிக்கு வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது. அவரும் கையாலேயே ஏதோ கேட்டார், அவள் பதில் சொன்னாள், இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த வாசலில் பாஷை தெரியாதவள் நான் ஒருத்திதான்.

அவள் என் குறிப்புப் புத்தகத்தைப் பிடுங்கி, 'ஷேர் ஆட்டோ. எதிர் பக்கம். டீக்கடை கிட்ட' என்று எழுதினாள். கீழே தன் பெயரையும் எழுதினாள்: விமலா. மணி அடிக்கும் நேரம் போலிருக்கிறது, கூட்டம் உள்ளே ஓடியது, அவளும் ஓடினாள்.

பெயரைப் பார்த்தபடி டீக்கடையில் இரண்டு டீ குடித்தேன். எங்கள் ஊர் ஆற்றிய டீயான தே தாரிக்கில் பாதியளவு கிளாஸ், இரண்டு மடங்கு இனிப்பு.

தில்ஷாத்தின் வீடு ஆம்பூரில் மசூதிக்குப் பின்னால் ஒரு சந்தில். ஐம்பது வயதுக்காரர், பெண்களுக்குத் தையல் வகுப்பு எடுக்கிறார். நான் கம்பெனி வாசல் வரை போன கதையைக் கேட்டதும் உள்ளே இருந்த மருமகளிடம் உருதுவில் ஏதோ சொன்னார். மருமகள் எனக்குத் தமிழில் சொன்னாள்: "கம்பெனி வண்டியில போயி எந்த வேலையும் செய்யாம திரும்பி வந்த முதல் ஆளு இவங்கதான்னு மாமி சொல்றாங்கோ."

பிரியாணி மதியம் வந்தது. ஆம்பூர் பிரியாணியைப் பற்றி எங்கள் ஊரிலேயே நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன். யாரும் எனக்குக் கத்தரிக்காயைப் பற்றிச் சொல்லவில்லை. சீரகச் சம்பாவும் கறியும் ஒருபுறம் இருக்க, பக்கத்தில் வைத்த அந்தப் புளிப்பும் எண்ணெயுமான கத்தரிக்காய்க்காக மட்டுமே இன்னொரு தடவை விமானம் ஏறலாம். ஈப்போவில் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் தருகிறார்கள். அதைச் சொன்னேன். தில்ஷாத் நெஞ்சில் கை வைத்து, "பாவம்" என்றார். மனதாரச் சொன்னார்.

குழுவுக்கு எப்படி வந்தார் என்று கேட்டேன்.

"ரெண்டு வருசம் முன்னாடி எஸ்தரு இழுத்துக்கிட்டு போனா. மூணு கூட்டம் வாயே தொறக்கல நானு. மினிட்சு எல்லாம் இங்கிலீசு. படிச்சிட்டு கையெழுத்து போடுங்கன்றாங்கோ. எதப் படிக்கிறது? நாலாவது கூட்டத்துல கேட்டேன், சார், இது யாருக்காக எழுதுறீங்கோன்னு. அடுத்த கூட்டத்துல இருந்து தமிழு."

"கோபப்படலையா அவர்?"

"ரங்கநாதன் சாரா? அவரு நல்ல மனுசன். நல்ல மனுசங்க கூட பேசுறதுதான் பேஜார். சண்டை போட முடியாது."

அன்று சாயங்காலம் மாதனூர் கடைத்தெருவில் விமலாவை மறுபடி பார்த்தேன். எஸ்தர்தான் அழைத்து வந்தாள். பஜ்ஜிக் கடை பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். இரண்டு பேருடைய கைகளும் பறந்தன. எங்கே கற்றுக்கொண்டாய் என்று எஸ்தரைக் கேட்டேன்.

"லைன்ல பக்கத்து பக்கத்து மிஷினுக்கா. ஏழு வருசம். மிஷின் சத்தத்துல எல்லாரும் செவுடுதான, கத்தி கத்தி தொண்ட போய்டும். இவ மட்டும் சத்தமே இல்லாம ஊர்க்கத எல்லாம் பேசுவா. அதான் எல்லாரும் இவகிட்ட கத்துக்கினோம். சூப்பர்வைசர் வர்றது மொதல்ல இவளுக்குத்தான் தெரியும். கையக் காட்டுவா, லைன் முழுக்க அடங்கிடும்."

விமலா முழங்கையால் அவளை இடித்தாள். பிறகு முகம் மாறிற்று. கைகளில் வேகம் குறைந்தது. எஸ்தர் அந்தக் கைகளைப் பார்த்தபடியே விமலா சொல்வதை அப்படியே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"போன வருசம் டிரஸ்ட்டுல மெடிக்கல் கேம்ப் வெச்சாங்க இல்ல? கண்ணு, பிபி, லேடீஸ் டாக்டர் எல்லாம். நானும் எங்க ஆளுங்க நாலு பேரும் லீவு போட்டு வந்தோம். காலைல எட்டு மணிக்கு டோக்கன் வாங்கினோம். உக்காந்தோம். எல்லாரும் போறாங்க, வர்றாங்க. எங்கள யாரும் கூப்பிடல. மத்தியானம் மூணு மணிக்கு பந்தல் பிரிக்கிறாங்க. அப்பறம்தான் தெரிஞ்சது, மைக்ல பேர் கூப்பிட்டிருக்காங்க."

எஸ்தர் நிறுத்தினாள். அடுத்து வந்தது அவளுடைய சொந்தப் பேச்சு. "மைக்ல கூப்டது நான்தாங்க்கா. வரலைன்னு கோடு போட்டதும் நான்தான். ஏழு வருசம் பக்கத்துல உக்காந்து பேசினவ. அன்னிக்கு கேம்ப்புல ஜாஸ்தி கூட்டம், எனக்கு தோணவே இல்ல. அவங்கள்ல ஒருத்திக்கு மார்ல கட்டி இருந்தது. காமிக்கத்தான் வந்திருந்தா. திரும்பிப் போய்ட்டா. அப்பறம் ஆறு மாசம் கழிச்சுத்தான் காமிச்சா."

"இப்போ?"

"வைத்தியம் நடக்குது. நல்லாதான் இருக்கா. ஆனா அந்த ஆறு மாசம் இருக்குதே." பஜ்ஜியைப் பிட்டாள், சாப்பிடவில்லை. "கமிட்டில இவ ஒருத்தி இருந்திருந்தா மைக்கு வெக்கும்போதே கேட்டிருப்பா இல்ல?"

விமலா என் பக்கம் திரும்பித் தொலைபேசியில் தட்டினாள். திரையை நீட்டினாள்: 'உங்க சங்கம் மாற்றுத்திறனாளி சங்கம். கமிட்டி எத்தனை பேர் மாற்றுத்திறனாளி?'

நாங்கள் பதினொரு பேர். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ஒரு வழக்கறிஞர், இரண்டு வியாபாரிகள், டத்தோ, நான். எல்லாருக்கும் இரண்டு கை, இரண்டு கால், கண், காது. தட்டினேன்: 'ஒருவரும் இல்லை.'

அவள் படித்தாள். கோபம் வரும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. தலையசைத்துவிட்டு இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டாள். எதிர்பார்த்த பதில்தான் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நான் தனியாகவே வேலூர்ப் பாகாயத்துக்குப் போனேன். இந்தத் தடவை வண்டி எங்கே நிற்கும் என்று மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பதில் வந்தது, மூன்றும் சரியாக இருந்தது. ரங்கநாதன் சார் கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதனூரில் மாலை வகுப்பை இருபது வருடத்துக்கு முன் ஒரு மரத்தடியில் ஆரம்பித்தவரும் அவர்தான். வாசல் வரை வந்து அழைத்துப் போனார். அவரே காபி போட்டார். தட்டில் இரண்டு மக்கன் பேடாவும் வைத்தார். எங்கள் குலாப் ஜாமுனின், உள்ளே முந்திரியும் பாதாமும் வைத்த, பணக்காரச் சொந்தக்காரர் அந்தப் பேடா. சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். வாய் நிறைய இனிப்பு.

"நீங்களும் என்னைக் கேட்கத்தான் வந்திருக்கீங்க" என்றார் அவர். "எனக்கு விமலா மேல ஒரு குறையும் இல்லம்மா. கெட்டிக்காரப் பெண்."

"அப்போ ஏன் சார்?"

கொஞ்ச நேரம் காபியை ஆற்றினார். "நெமிலி பக்கத்துல இருளர் குடியிருப்புல ஏழுமலைன்னு ஒருத்தர். ஆறு வருஷம் முன்னாடி அவரை நானேதான் குழுவுக்கு அழைச்சேன். ரொம்பப் பெருமையா இருந்தது எனக்கு. ரெண்டு பஸ் மாறி வந்தார். முதல் கூட்டத்துல போட்டோ எடுத்தோம். ஆண்டறிக்கை அட்டையில போட்டோம். மூணு கூட்டம் வந்தார். நாங்க பேசினோம், அவர் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கல. நானும் கேட்கல. நாலாவது கூட்டத்துக்கு வரல."

"போய்ப் பார்த்தீங்களா?"

"இல்ல." குரல் தாழ்ந்தது. "என்ன மூஞ்சியோட போறது? காட்சிப் பொருள் மாதிரி ஒரு மனுஷனை உட்கார வெச்சு அனுப்பிட்டேன். இன்னொரு தடவை அதே பாவத்தைப் பண்ண மாட்டேன். அந்தப் பொண்ணு நாங்க பேசுறதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா?"

பேருந்தில் திரும்பும்போது பாலாறு முழுக்க மணலாகக் கிடந்தது. அறிக்கையில் இதை எப்படி எழுதுவது என்று யோசித்தேன். கெட்டவர் ஒருவர் இருந்தால் அறிக்கை எழுதுவது எளிது.

புதன்கிழமை பதினொரு மணி. அறக்கட்டளையின் முன்னறை, நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் மிக்சர் தட்டு. ரங்கநாதன் சார், எஸ்தர், தில்ஷாத், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், இன்னும் இரண்டு பேர். மூலையில் விருந்தாளியாக நான். விமலா கடைசியாக வந்தாள். கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்தவள், கழுத்தில் அட்டை தொங்கியபடியே உட்கார்ந்தாள்.

ரங்கநாதன் சார் தொண்டையைச் செருமி எஸ்தரைப் பார்த்தார். "எஸ்தர், அவங்களுக்கு இந்தப் பொறுப்பு பத்தி என்ன எண்ணம்னு கேளுங்க."

எஸ்தரின் கை எழும் முன்பே விமலா மேசையைத் தட்டினாள். இரண்டு விரலால் தன் கண்களைச் சுட்டி, அவரைச் சுட்டினாள்.

"சார், உங்கள அவளப் பாத்து பேசச் சொல்றா" என்றாள் எஸ்தர்.

சார் உடனே திரும்பி உட்கார்ந்தார். "மன்னிக்கணும்மா" என்று விமலாவிடமே சொன்னார். ஆனால் கணக்கு வாத்தியார் விடவில்லை. "அது சரி சார். எஸ்தர் சொல்றது அந்தப் பொண்ணு சொல்றதா, எஸ்தரே சொல்றதா? நமக்கு எப்டித் தெரியும்? நாளைக்கு ஓட்டுன்னு வந்தா எஸ்தருக்கு ரெண்டு ஓட்டு ஆய்டாதா?"

எஸ்தரின் முகம் சிவந்தது. எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். விமலா அவள் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். வாத்தியார் சொன்னதை அப்படியே சைகையில் சொல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு தொலைபேசியை எடுத்துக் குனிந்து தட்ட ஆரம்பித்தாள்.

மிக்சரைக்கூட யாரும் தொடவில்லை. ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. அத்தனை பேர் ஒரு பெண் சொல்லி முடிப்பதற்காகக் காத்திருந்தது அந்த அறையில் அதுவே முதல் தடவையாக இருக்கலாம். பிறகு எல்லாருடைய தொலைபேசியும் ஒன்றன் பின் ஒன்றாக ஒலித்தது. முகாம் வேலைகளுக்காக வைத்திருந்த, எஸ்தர் விமலாவையும் சேர்த்திருந்த வாட்ஸப் குழுவில் செய்தி வந்திருந்தது. தில்ஷாத் எனக்கும் காட்டினார்.

'கூட்டம் புதன் 11 மணி. நான் கம்பெனி. இன்று பர்மிஷன். அடுத்த மாதம் பர்மிஷன் இல்லை. எஸ்தர் அக்கா கம்பெனி விட்டது, அதனால வருவது. டிரஸ்ட் கம்பெனி பெண்களுக்கு. கம்பெனி பெண் யார் புதன் 11 மணி வர முடியும்? காது கேட்கும் பெண் கூட முடியாது. கூட்டம் ஞாயிறு 3 மணி மாத்தணும். நான் தனியாக வேண்டாம். ஜோதியும் வேணும், அவள் காது கேட்கும், கம்பெனி. கூட்டத்தில் பேசப் போறது முன்னாடியே இந்த குரூப்பில் எழுதிப் போடணும். இது செய்தால் வருவேன். இல்லை என்றால் வேண்டாம்.'

ரங்கநாதன் சார் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அந்தக் கூட்டம் இருபது வருடமாகப் புதன்கிழமை பதினொரு மணிக்கு நடக்கிறது. அந்த நேரத்தில் மாதனூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இந்த அறக்கட்டளைக்கு உரிய பெண்கள் அத்தனை பேரும் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். இருபது வருடத்தில் இது ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐந்து நாளாக இங்கேயே சுற்றிய எனக்கும் தோன்றவில்லை. நான் அந்தப் பெண்களோடு அதே வண்டியில் போனவள்.

"ஞாயித்துக்கெழம எம் பேரன் வருவான்" என்றார் கணக்கு வாத்தியார்.

"அவனையும் கூட்டிக்கிட்டு வாங்கோ" என்றார் தில்ஷாத்.

"ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு மனுசன் தூங்க வேணாமா?"

"எங்க ஆளுங்களும் அன்னிக்கு ஒரு நாள்தான் சார் தூங்குறாங்க" என்றாள் எஸ்தர். "அந்த தூக்கத்த விட்டுட்டு வர்றேன்றா."

சார் கையை உயர்த்தினார். விமலாவைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "நான் முன்னாடி ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து பேச விடாம அனுப்பிட்டேன்மா. உன்னையும் அப்படி ஆக்கிடுவேனோன்னு பயந்தேன். அவருக்கு எது வேணும்னு அவரை நான் கேட்கவே இல்ல. உன்னைக் கேட்காமலே வேண்டாம்னு சொல்லப் பார்த்தேன். ரெண்டும் ஒண்ணுதான்."

எஸ்தர் சைகையில் சொல்லி முடித்ததும் விமலா கொஞ்சம் யோசித்தாள். ஒற்றை விரலை ஆட்டி எதையோ சுருக்கமாகச் சொன்னாள். எஸ்தருக்குச் சிரிப்பு வந்தது. "அந்த ஆள் வீடு எங்க, இன்னும் இருக்காருதானேன்னு கேக்குறா."

காலி இடம் விமலாவுக்கு, எட்டாவதாக ஒரு நாற்காலி ஜோதிக்கு, கூட்டம் இனி ஞாயிற்றுக்கிழமை என்று ஓட்டு எடுத்தார்கள். ஐந்து கைகள் எழுந்தன. கணக்கு வாத்தியார் கையைத் தூக்கவில்லை. விமலாவுக்கு ஓகே, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒப்புதல் இல்லை என்று மினிட்சில் எழுதச் சொன்னார். தமிழில் எழுதினார்கள். விமலா கொண்டாட நிற்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், கையில் ஒரு பிடி மிக்சரை அள்ளிக்கொண்டாள், பர்மிஷன் முடிவதற்குள் கம்பெனி போய்ச் சேர ஷேர் ஆட்டோவுக்கு ஓடினாள். வாசலில் எஸ்தர் சுவரில் சாய்ந்து நின்றபடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வியர்வைதான் என்றாள்.

வியாழக்கிழமை கிளம்பினேன். தில்ஷாத் ஒரு டப்பா மக்கன் பேடா கொடுத்தனுப்பினார். சென்னை விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அதில் பாதிதான் மிஞ்சியது.

அடுத்தடுத்து நடந்ததை எஸ்தர் குரல் செய்தியாக அனுப்பினாள். முதல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு விமலாவும் ஜோதியும் வந்தார்கள். கணக்கு வாத்தியாரும் வந்தார், பேரன் இல்லாமல், தூக்கக் கண்ணோடு. அடுத்த முகாமில் மைக்கோடு எண் பலகையும் வைப்பது என்று முடிவாயிற்று. எண் பலகை மாட்டும் உயரத்தைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் வாதம் நடந்ததாம். ரங்கநாதன் சார் தனியாகப் பேருந்து ஏறி நெமிலிக்குப் போயிருக்கிறார். ஏழுமலை அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். குழுவுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. "பிள்ளைங்களுக்கு சாதிச் சான்றிதழ் வாங்கணும்னு அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க கேக்கல. இப்ப அத முடிச்சுக் குடுங்க, அப்பறம் பாக்கலாம்" என்றாராம். சார் இப்போது தாலுகா ஆபீசுக்கு நடந்துகொண்டிருக்கிறார்.

ஈப்போவில் நான் அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். மூன்று நாள் எழுதினேன், வரவில்லை. நான்காம் நாள் மாலை எழுந்து, காரை எடுத்துக்கொண்டு எங்கள் நகரின் புந்தோங் பகுதிக்குப் போனேன். அங்கே ஆறுமுகம் வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுது பார்க்கிறார். சக்கர நாற்காலியில் இருப்பவர். எங்கள் சங்கத்தின் கீழ்த்தளக் கூடத்துக்கு மாதம் தவறாமல் உடற்பயிற்சிக்கு வருவார். எத்தனை வருடமாக என்று கேட்டால் எனக்கே தெரியாது.

"அண்ணே, நம்ம நிர்வாகக் குழுவுக்கு நீங்க வரணும்" என்றேன்.

கையிலிருந்த பற்றவைப்புக் கம்பியை அவர் கீழே வைக்கவில்லை. புகை எழுந்தது. "கூட்டம் எங்க நடக்குது?"

"நம்ம ஆபீஸ்லதான்."

"ஆபீஸ்ல எங்க?"

எங்கள் கூட்ட அறை மாடியில் இருக்கிறது. மின்தூக்கி கிடையாது. பதினோரு வருடமாகக் கையில் கோப்போடு அந்தப் படிகளில் ஏறி இறங்குகிறேன். உடற்பேறு குறைந்தோர் நலச்சங்கத்தின் செயலாளர்.

"மாடி ஏற முடியுமான்னு ஒரு நாள் கேட்பீங்கன்னு நெனச்சேன், கேட்கல" என்றார் ஆறுமுகம். குரலில் வருத்தம் இல்லை, வேலை மும்முரம்தான் இருந்தது. "மேசைய கீழ கொண்டாங்க, வர்றேன்."

மறுநாள் காலை நானும் எங்கள் காவலாளியும் துப்புரவு செய்யும் அம்மாவும் சேர்ந்து அந்த நீள மேசையைப் படி படியாக இறக்கினோம். திருப்பத்தில் சுவரில் ஒரு கீறல் விழுந்தது. பத்து மணிக்கு டத்தோ வந்தார். கூடத்தின் நடுவில் மேசையைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். சுவரிலிருந்த கீறலைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு இதை இறக்கினீங்க?"

"ஆறுமுகத்தைக் கேட்டு" என்றேன்.